பைத்தியம் தெளிந்தால்தான் வைஃபை

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் மழை வந்தால் கரண்ட் போகும். சரி, பழகிவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட என் பழைய லேப்டாப்பில், லினக்ஸின் கருவான கெர்னலுக்கு அப்டேட் வந்தால் வைஃபை போகிறதே, இதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? எல்எஸ்பிசிஐ என்று கட்டளை அடித்தால் வைஃபை கார்டு சமர்த்தாகப் பெயர் சொல்கிறது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் புதுக் கெர்னலுக்கு இல்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை.

கடைக்குப் போனால், “விண்டோஸ் இட்டுத் தரட்டே?” என்கிறார் கடைக்காரர். பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகள் படிப்பதே உபுண்டு வழிவந்த கைட் லினக்ஸில்தான், ஐயா!

கடைசியில் போனை யூஎஸ்பியில் செருகி, டெதரிங் போட்டு, அதன் நெட்டிலேயே டிரைவரை இறக்கினேன். அன்றைய டேட்டா காலி. வைஃபை வந்துவிட்டது. இப்போது லேப்டாப் தூங்கி எழுந்தால் டச்பேட் அசைய மாட்டேன் என்கிறது.