ஐந்தாவது வாக்கியம் உங்களுக்கு மட்டும் எப்படி அழகாகவே வாய்க்கிறது?

"கைக்கு மிக அருகில் இருக்கும் புத்தகத்தை எடுங்கள், 56ஆம் பக்கத்தைத் திறங்கள், ஐந்தாவது வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்" என்னும் விளையாட்டு இணையத்தில் மறுபடியும் ஒரு சுற்று வந்திருக்கிறது. 2004 வாக்கில் பரவியபோது அது 23ஆம் பக்கமாக இருந்தது. பிறகு 123 ஆனது, 56 ஆனது. பக்கம் மாறினாலும் நிபந்தனை மாறவில்லை: நல்ல புத்தகமாகத் தேடிப் போகக் கூடாது, அருகில் கிடப்பதைத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரே நிபந்தனையைத்தான் யாரும் மதிப்பதில்லை.

எல்லோருடைய ஐந்தாவது வாக்கியத்திலும் மழை பெய்கிறது, இல்லையென்றால் யாரோ தனிமையில் நின்றுகொண்டு மரணத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். எந்த நாவலையும் புரட்டிப் பாருங்கள். அதன் வாக்கியங்களில் பெரும்பாலானவை எடுபிடி வேலை செய்பவை. ஒருவனை நாற்காலியில் உட்கார வைப்பதும், கதவைத் திறந்துவிடுவதும், "சரி, நாளை பார்க்கலாம்" என்று சொல்ல வைப்பதும் அவற்றின் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் பத்துக்கு எட்டு முறையாவது அப்படிப்பட்ட ஒன்றுதான் அகப்பட வேண்டும். உங்களில் ஒருவருக்குக்கூட "அவள் தலையசைத்தாள்" வாய்க்கவில்லை என்றால், ஒன்று நீங்கள் வேறு பக்கத்தைத் திறந்திருக்கிறீர்கள், அல்லது அலமாரிவரை நடந்திருக்கிறீர்கள். அலமாரி எப்போது கைக்கு அருகில் வந்தது?

சென்ற முறை நான் யோக்கியனாக நடந்துகொண்டு பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மேசையில் என் முழங்கைக்கு அடியில் கிடந்தது ஒரு கணக்குப்பதிவியல் பாடநூல். 56ஆம் பக்கத்தின் முதல் வரி முந்தைய பக்கத்து வாக்கியத்தின் வால். அதைச் சேர்ப்பதா விடுவதா என்று விதி சொல்வதில்லை. அதை விட்டுவிட்டு எண்ணினேன். "தேய்மானம் கழித்த பின் எஞ்சும் தொகையே சொத்தின் ஏட்டு மதிப்பாகும்" என்று வந்தது, அப்படியே எழுதினேன். கால் மணி நேரத்துக்குள் உறவினர் ஒருவர் அழைத்து, யாரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதினாய், பாகப்பிரிவினையைப் பற்றியா என்று கேட்டார். நண்பர் ஒருவரோ, என் திருமண வாழ்க்கையில் ஏதாவது சிக்கலா என்று கனிவோடு விசாரித்தார். புத்தகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சில சுற்றுகளில் ஒரு விதி உண்டு. அதை மட்டும் நான் கடைப்பிடித்துத் தொலைத்திருந்தேன்.

கண்பட்ட இடத்தை வாசித்துக் குறி பார்க்கும் வழக்கம் பழையது. 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில், பின்னாளில் கிறித்தவப் புனிதராகப் போற்றப்பட்ட அகஸ்தீன், "எடுத்து வாசி" என்ற குழந்தைக் குரலைக் கேட்டு, பைபிளில் உள்ள பவுலின் நிருபங்களைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட பகுதியை வாசித்தார். அது அவருடைய ஒழுக்கத்தையே கண்டித்தது. அவர் இன்னும் அழகான வரி கிடைக்குமா என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவில்லை. நம்மவர்களின் புத்தகங்கள் மட்டும் தம் சொந்தக்காரர்களை ஒருபோதும் கண்டிப்பதில்லை. ஆழமானவர், நிறைய வாசித்தவர் என்று சான்றிதழ்தான் கொடுக்கின்றன. பிடித்த வரியைப் பகிர்வது நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள். அதைத் தற்செயல் என்று சொல்லி எங்கள் காதில் பூச்சுற்றாதீர்கள். மின்னூல் வைத்திருப்பவர்களோ இன்னும் ஒரு படி மேலே. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமே மாறிவிடும் பல நூல்களில் 56ஆம் பக்கம் என்பது அவரவர் விருப்பம்தானே!

நேற்று வந்த விளையாட்டு அழைப்பு 123ஆம் பக்கத்தைக் கேட்டது. முழங்கைக்கு அடியில் அதே பாடநூல்தான். பக்கம் முழுவதும் இருப்புநிலைக் குறிப்பு, அதாவது சொத்தும் கடனும் அடுக்கிய எண் அட்டவணை. வாக்கியம் என்று மொத்தம் மூன்றுதான் இருந்தன. மூன்றையும் எழுதிவிட்டு, இம்முறை நூலின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் கீழே சேர்த்தேன். உறவினர் இன்னும் அழைக்கவில்லை.