கைத்தறிக்கும் பாஸ்போர்ட் சுமைதான்
கைத்தறி இயற்கைக்கு உகந்தது, அதனால் ஐரோப்பாவின் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் (ஒரு பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று அதோடு சேர்ந்தே போகும் மின்னணுப் பதிவு) நம் நெசவாளர்களுக்குச் சுமையாகாது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. காரைக்குடியில் கண்டாங்கி சேலை விற்கிறேன். போன வருடம் ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டது இரண்டே கேள்வி: பஞ்சு எந்த ஊர், சாயம் என்ன? நெய்தவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நூல் சிப்பத்தில் ஆலையின் பெயரும், நூல் எவ்வளவு மெல்லியது என்று காட்டும் 80 என்ற நம்பரும்தான் இருந்தன. சாயப்பட்டறையில் அரக்கு நிறப் பொடி, எழுத்தே இல்லாத பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று பட்டறைக்காரருக்கே தெரியாது. 2019-இல் வாங்கிய புவிசார் குறியீடு சேலையின் ஊரைச் சொல்லும், அந்தப் பையில் இருப்பதைச் சொல்லாது. அப்புறம், சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்று அந்தக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட்டைக் கொண்டுவரும் ஐரோப்பியச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; அதில், விற்காத துணியை அழிக்கக் கூடாது என்ற தடைக்குத்தான் அந்த விலக்கு. பாஸ்போர்ட் பொருளோடு போவது, நிறுவனம் சிறியதா என்று பார்க்காது; அது வரப்போகும் பொருள்களில் ஜவுளியும் முதல் வரிசையில் இருக்கிறது. நூல் ஆலையும் சாய வியாபாரியும் விவரத்தை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே ஒரு விதி வராமல், தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு என்ன பயன்?