ஒரு வரி பதில் ஏன் வருவதில்லை?

ஐ.டி. வேலை தேடும் யாரிடம் பேசினாலும் முதல் புலம்பல் இதுவாகத்தான் இருக்கும். ஒரே நாளில் நாலு தடவை போன் செய்து "அர்ஜென்ட் ரெக்வயர்மென்ட், உடனே ரெஸ்யூம் அனுப்புங்க" என்று துரத்திய ரிக்ரூட்டர், மூன்றாவது ரவுண்ட் முடிந்த மறுநாளிலிருந்து போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. "மரியாதை தெரியாத ஜனங்க" என்று திட்டிவிட்டு நாமும் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போய்விடுகிறோம். என் கருத்து கொஞ்சம் வேறு. அந்த மௌனத்தில் பெரும்பகுதி தெரிந்தே கடைப்பிடிக்கப்படுகிறது. அதனால் யாருக்கு லாபம் என்று புரிந்தால்தான், கையில் இருக்கும் வேலையையாவது நாம் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ 'அப்ளை' பட்டனை அமுக்கியதற்குப் பதில் வரவில்லை என்றால் அதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஒரு விளம்பரத்துக்கு வந்து குவியும் ரெஸ்யூம்களுக்கெல்லாம் ஆள் வைத்துப் பதில் எழுத முடியாது. ஆனால் ஒருவர் லீவு போட்டு, இரண்டு டெக்னிக்கல் ரவுண்ட், ஒரு மேனேஜர் ரவுண்ட் முடித்து, எச்.ஆரிடம் சம்பளம் வரைக்கும் பேசிவிட்டார் என்றால், "தேர்வாகவில்லை" என்ற ஒரு வரி அவருக்குப் பட்ட கடன். நான் இங்கே பேசுவது அந்தக் கடனைப் பற்றி மட்டும்தான்.

அது ஏன் தீர்க்கப்படுவதில்லை? முதல் காரணம் 90 நாள் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய கம்பெனியில் வேலை செய்யவேண்டிய காலம். நம் ஊர் ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். இன்று ஒருவருக்கு ஆஃபர் கொடுத்தால் அவர் வந்து சேர மூன்று மாதம் ஆகும். இடையில் அதே ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொரு கம்பெனியில் கூடுதலாகக் கேட்பார், கிடைத்தால் அங்கே போய்விடுவார். சேரவேண்டிய நாள் காலையில் போன் ஸ்விட்ச் ஆஃப். இது கம்பெனிக்குத் தெரியும். அதனால் முதல் ஆள் உள்ளே வந்து உட்காரும்வரை இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும் கைவசம் வைத்திருக்கும். அந்த இரண்டாவது ஆள்தான் நீங்கள். உங்களுக்கு 'இல்லை' என்று சொன்னால் நீங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வீர்கள். 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றுமே சொல்வதில்லை. உங்கள் பெயருக்கு நேரே 'ஹோல்டு' என்று கிடக்கும்.

நேரம் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. ஒர்க்டே, கிரீன்ஹவுஸ் மாதிரியான ஆட்சேர்ப்பு மென்பொருளில் ஒருவரின் நிலையை 'ரிஜெக்டட்' என்று மாற்றும்போதே, முன்கூட்டியே எழுதிவைத்த மெயிலை அனுப்பிவிடலாம். பத்து பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பும் வசதியும் உண்டு. அதை அமுக்காமல் வைத்திருப்பது ஒரு முடிவு. அதை மறதி என்று சொல்லக்கூடாது.

இரண்டாவது காரணம் பணம். உங்களை அழைக்கும் பலரும் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். கிடையாது, வெளியே இருக்கும் கன்சல்டன்சி. அவர்களுக்கு வழக்கமாகப் பேசப்படும் கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். 12 லட்சம் சி.டி.சி.க்கு (கம்பெனி ஒருவருக்கு ஆண்டுக்குப் போடும் மொத்தச் சம்பளக் கணக்கு) ஆள் சேர்த்தால் ஏறத்தாழ 1 லட்சம். ஆள் சேர்ந்தால்தான் இந்தக் காசு. சேர்ந்து 90 நாளுக்குள் விலகிவிட்டால் மாற்று ஆள் கொடுக்கவேண்டும், அல்லது காசைத் திருப்பவேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். இந்தக் கணக்கில் தேர்வாகாதவரிடம் பேசும் ஐந்து நிமிடத்துக்கு விலையே இல்லை. அந்த ரிக்ரூட்டருக்கோ, இன்று எத்தனை ப்ரொஃபைல் சப்மிட் பண்ணினாய் என்று சாயங்காலம் கணக்குக் காட்டவேண்டும். உங்களிடம் கேட்கிறாரே, மொத்த அனுபவம், ரெலவன்ட் அனுபவம், தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட், எந்த ஊர், ஏன் மாறுகிறீர்கள், பிறந்த தேதி என்று, அதெல்லாம் ஒரு எக்செல் ட்ராக்கரின் கட்டங்கள். கட்டம் நிரம்பி ஷீட் கிளையன்ட்டுக்கு, அதாவது ஆள் கேட்ட கம்பெனிக்கு, போனதும் அவருடைய அன்றைய வேலை முடிந்தது.

இந்தச் சங்கிலியின் கடைசியில் இருக்கும் அந்த ஜூனியர் ரிக்ரூட்டர் பெண்ணையோ பையனையோ திட்டுவதில் பயனில்லை. இன்டர்வியூ எடுத்த பேனல் மெம்பர் ஃபீட்பேக்கைப் போட்டிருக்கமாட்டார், கிளையன்ட் எச்.ஆர். கன்சல்டன்சியின் மெயிலுக்கே பதில் போட்டிருக்கமாட்டார். மேலேயிருந்து வராத பதிலை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? ஆனாலும் "இன்னும் ஃபீட்பேக் வரலை" என்று சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதையாவது சொல்லலாம்.

ஆளே தேவைப்படாத ரெக்வயர்மென்ட்களும் உண்டு. ஐ.டி. கம்பெனி தன் வாடிக்கையாளரிடம் புராஜெக்ட் கேட்டுப் போகும்போது "எங்களிடம் இத்தனை ஆள் தயார்" என்று காட்டுவதற்காக ரெஸ்யூம் திரட்டுவார்கள். புராஜெக்ட் வந்தால் கூப்பிடுவார்கள், வராவிட்டால் அந்த ஃபைல் அப்படியே மூடிக்கொள்ளும். சில சமயம் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் தங்கள் ஆளையே போட்டுவிடுவார்கள். சென்னை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று ஐந்து ஊரும் போட்டு, எத்தனை இடம் என்று சொல்லாமல், மாதக்கணக்கில் அதே ஜே.டி. (வேலை விவரக் குறிப்பு) சுற்றிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அதனால் முதல் போனிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடவேண்டும். யாருடைய பேரோலில் (சம்பளப் பட்டியலில்) வேலை, கம்பெனியுடையதா, கன்சல்டன்சியுடையதா, முதலில் ஒப்பந்தத்தில் வைத்து ஆறு மாதம் கழித்து கம்பெனிக்கு மாற்றும் கான்ட்ராக்ட் டு ஹையரா? இறுதி கிளையன்ட் யார்? ரெக்வயர்மென்ட் ஐ.டி. (அந்தக் காலியிடத்தின் அடையாள எண்) என்ன? புது இடமா, யாராவது விலகிப்போன இடமா? எத்தனை ரவுண்ட், கடைசி ரவுண்டுக்கு எத்தனை நாளில் முடிவு சொல்வார்கள்? பட்ஜெட் எவ்வளவு வரை? விலகிப்போனவரின் இடம் என்றால் வேலை உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே ஒரு டீம் ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறது. பட்ஜெட் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். உங்கள் எதிர்பார்ப்புக்கும் பட்ஜெட்டுக்கும் 4 லட்சம் இடைவெளி இருந்தால், அது மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு மௌனமாகத்தான் முடியும்.

கிளையன்ட் பெயர் தெரியாமல் ரெஸ்யூம் கொடுக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரே ரெக்வயர்மென்ட் ஐந்தாறு வெண்டர்களிடம், அதாவது கன்சல்டன்சிகளிடம், போயிருக்கும். யார் முதலில் கிளையன்ட்டின் போர்ட்டலில் ஏற்றுகிறாரோ, ரெஸ்யூம் அவர் கணக்கில் பதிவாகும். பிறந்த தேதியையும் சில இடங்களில் பான் எண்ணையும் கேட்பது இந்த டூப்ளிகேட்டைப் பார்ப்பதற்குத்தான். நீங்கள் தெரியாமல் இரண்டு பேருக்கும் 'சரி' என்றிருந்தால், தகராறே வேண்டாம் என்று கிளையன்ட் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். உங்களுக்குக் காரணம் சொல்லமாட்டார்கள். எந்தத் தேதியில், எந்த வெண்டர், எந்தக் கிளையன்ட்டுக்கு அனுப்பினார் என்று நீங்களும் ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலைக்கு என் ரெஸ்யூமை அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்று அவர்கள் கேட்கும் மெயிலில் கிளையன்ட் பெயரும் ரெக்வயர்மென்ட் ஐ.டி.யும் இருந்தால் மட்டும் பதில் போடுங்கள்.

பின்தொடர்வதிலும் ஒரு முறை வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஹாய் மேம், எனி அப்டேட்" என்று தினமும் போட்டால் அது மற்ற ஐம்பது 'ஹாய் மேம்'களோடு கீழே போய்விடும். இன்டர்வியூ முடிந்த இரண்டாவது வேலை நாளில் ஒரு மெயில். சப்ஜெக்ட் வரியில் பெயர், வேலையின் பெயர், ரெக்வயர்மென்ட் ஐ.டி., இன்டர்வியூ தேதி. உள்ளே இரண்டே வரி: இன்ன ரவுண்ட் முடிந்தது, முடிவு எப்போது தெரியும்? அவர்கள் சொன்ன கெடு தாண்டினால், அல்லது ஒரு வாரம் ஆனால், அதே மெயில் சங்கிலியில் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனியின் நேரடி எச்.ஆருக்கோ இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கோ ஒரு முறை, பணிவாக. நான்காவது முறை வேண்டாம்.

கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் அதைத் தேதியோடு எழுதுங்கள்: "வரும் வெள்ளிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும்." உண்மையாக இருந்தால் மட்டும். 'ஹோல்டு'ல் கிடக்கும் பெயரை எடுத்துப் பார்க்கவைக்க இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

மிகப் பெரிய சேதம் நடப்பது வேறொரு இடத்தில். "செலக்ட் ஆயிட்டீங்க, ஆஃபர் லெட்டர் ப்ராசஸ்ல இருக்கு, நீங்க பேப்பர் போட்டுடுங்க, அப்பதான் உங்க நோட்டீஸ் சீக்கிரம் முடியும்" என்பார்கள். ராஜினாமாக் கடிதத்தைப் போடவே போடாதீர்கள். வாய்மொழி செலக்ஷனுக்கும் ஆஃபர் லெட்டருக்கும் நடுவே பட்ஜெட் ஒப்புதல் என்று ஒரு கட்டம் இருக்கிறது, பல ஆஃபர்கள் அங்கேயே நின்றுபோகின்றன. லெட்டர் கம்பெனியின் சொந்த டொமைன் மெயிலிலிருந்து வரவேண்டும். சேரும் தேதி, சம்பளத்தில் நிலையான பகுதி எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டும். 'கிளையன்ட் ஒப்புதலுக்கு உட்பட்டது' என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். லெட்டர் கையில் இருந்தும் ஆபத்து முழுதாகப் போவதில்லை. 2022-ல் கேம்பஸில் ஆஃபர் வாங்கிய பொறியியல் பட்டதாரிகளில் பலர் 2024 வரை சேரும் தேதிக்காகக் காத்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொது விளம்பரம் கொடுத்த வேலைக்கு நேர்காணல் செய்தவருக்கு, கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்று சொல்லியாகவேண்டும். விளம்பரத்திலேயே, இது உண்மையில் காலியாக இருக்கும் இடமா என்றும் குறிப்பிடவேண்டும். டொரன்டோ பக்கம் வேலை தேடும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்கலாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. நேர்காணலுக்கு வந்தவருக்கு முடிவு சொல்லவேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. அந்த ஒன்டாரியோ விதி அப்படியே இங்கே வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கும் முன்னால், நோட்டீஸ் பீரியடை 30 நாளாகக் குறைக்கவேண்டும். மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை என்றால் இரண்டாவது ஆளைக் கட்டிவைக்கவும் தேவையில்லை.

நாமும் இதில் சேர்த்தி. சேரப்போவதில்லை என்று முடிவானால் அன்றைக்கே மெயில் போடுங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த மூன்று மாதமும் இன்னொருவர் 'ஹோல்டு'ல் காத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் செய்வதில்லை. பதிலே வராமல் ஒரு மாதம் ஆகிவிட்டால் நீங்களே விலகிக்கொள்ளுங்கள். வெண்டர் மூலம் பதிவான ரெஸ்யூம் பல கம்பெனிகளில் ஆறு மாதம்வரை அந்த வெண்டருக்கே உரியது. அதற்குள் அதே கம்பெனியில் வேறொரு வேலைக்கு நேரடியாகவோ நண்பர் ரெஃபரலிலோ போனால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று திரும்பி வரும். "இன்ன ஐ.டி. கொண்ட ரெக்வயர்மென்ட்டிலிருந்து விலகுகிறேன், என் விண்ணப்பத்தை முடித்துவைத்து, முடித்த தேதியைத் தெரிவியுங்கள்" என்று வெண்டருக்கு எழுதி, நேரடி எச்.ஆர். மெயில் தெரிந்தால் அவரையும் சிசியில் போடுங்கள். எல்லா இடத்திலும் உடனே விடுவித்துவிடமாட்டார்கள். ஆனால் ரெஃபரல் கொடுக்கும் நண்பர் தன் எச்.ஆரிடம் போய்ப் பேசும்போது கையில் காட்ட அந்த மெயில் வேண்டும்.