கொசுவுக்கு டெங்குவைக் கொடுத்தது யார்?

அக்காவுக்கு டெங்கு என்று தெரிந்தபோது வீட்டில் எல்லாருக்கும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பற்றித்தான் கவலை. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பகல் முழுக்க ஜன்னலோரம் படுக்க வைத்தோம், கொசுவலையை ராத்திரிக்கு மட்டும் கட்டினோம். மூன்று வாரம் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல். அதுவும் டெங்கு. அக்காவைக் கடித்த கொசுதான் அம்மாவையும் கடித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நாள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வைரஸோடு பிறப்பதில்லை, அதற்கு வைரஸைக் கொடுப்பதே நாம்தான். காய்ச்சல் தொடங்க இரண்டு நாள் முன்பிருந்து காய்ச்சல் விடும்வரை நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது ஒரு பெண் ஏடிஸ் கொசு வந்து ரத்தம் குடித்தால், வைரஸ் முதலில் அதன் குடலில் பெருகி, அப்புறம் உடம்பெல்லாம் பரவி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் ஆகும், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். அதன்பிறகு அந்தக் கொசு சாகும்வரை வைரஸைப் பரப்ப முடியும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், எங்கள் வீட்டு மூன்று வாரம் வந்துவிடும்.

கொசுவின் ஆயுளே சில வாரம்தான். வைரஸ் எச்சிலுக்கு வருவதற்குள் பல கொசுக்கள் செத்துவிடும். இவ்வளவு மெல்லிய சங்கிலி இது! அதை அறுக்கச் சுலபமான இடம் நோயாளியின் கட்டில். ஆனால் ஏடிஸ் கடிப்பது பகலில், முக்கியமாகக் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும், நாமோ ராத்திரி வலை கட்டுகிறோம். அசைந்தால் பறந்துபோய் அடுத்த ஆளிடம் மீதியைக் குடிக்கிற கொசு இது, அதனால் ஒரே கொசு ஒரு வீட்டில் பலரைப் படுக்கவைத்துவிடலாம்.

இதைச் சொல்லாமல் புகை அடிக்கவில்லையே என்று மட்டும் சண்டை போடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஏற்கெனவே டெங்கு வந்தவர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்ட பாதுகாப்பு. இன்னொரு வகை தொற்றும்போது, முதல் தொற்றின்போது உடம்பில் உருவான எதிர்ப்புப் புரதங்கள் அதை அழிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் நுழைய அதற்கே வழி செய்துவிடக்கூடும். இரண்டாம் முறை நோய் கடுமையாகும் அபாயம் கூடுவதற்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மா தேறிவிட்டார். இப்போதெல்லாம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் பகலிலேயே வலையைக் கட்டிவிடுகிறோம்.