கடைசிப் பக்கத்தில் எழுதிய கணக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை. ட்யூஷனில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தான். வரைந்தபடியே நோட்டின் மேல் சாய்ந்துவிட்டான். காம்பஸ் முனை கன்னத்துக்கு அரை அங்குலம் தள்ளி நின்றது. பக்கத்துப் பையன் தட்டி எழுப்பக் கையைத் தூக்கினான். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, காம்பஸை மட்டும் மெல்ல உருவி எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் தூங்கினான். திடுக்கிட்டு எழுந்தவன் முதலில் கேட்டது, "மிஸ், டெஸ்ட்டு முடிஞ்சிடுச்சா?" அடுத்தது, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்."

அந்த டெஸ்ட் வைத்தவள் நான்தான்.

வடசென்னை கொருக்குப்பேட்டையில் பதினான்கு வருடமாக வீட்டு மாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், துறைமுகத்தில் லோடு வேலை பார்ப்பவர்கள், தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். பிள்ளைகள் தலையில் ஏற்றும் சுமையைப் பற்றி யார் பேசினாலும் பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள், அரசாங்கத்தைச் சொல்வார்கள். என்னை யாரும் சொன்னதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

அன்றைக்கு மற்ற பிள்ளைகள் போனபிறகு அவனை உட்காரவைத்து, ஒரு நாளில் எத்தனை மணிக்கு என்ன செய்கிறான் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதினான். 4.45க்கு எழுந்திருக்கிறான். அம்மா அதற்குள் காசிமேடு கிளம்பிப் போயிருப்பார். அடி பம்பில் தண்ணீர் வருவது அந்த நேரத்தில்தான், பத்துக் குடம் பிடித்து வைக்க வேண்டும். தங்கையை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்ய வேண்டும். 8 மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு 7.15க்கே கிளம்ப வேண்டும், ஏனென்றால் நடுவில் ரயில்வே கேட் இருக்கிறது. கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட் போட்டால் ஒரு கூட்ஸ் வண்டி போகும், திறப்பார்கள் என்று பார்த்தால் இன்னொன்று வரும். லேட்டாகப் போனால் வெளியே நிற்க வேண்டும். 9.30இலிருந்து 4.15 வரை பள்ளி. 5.30 வரை ஸ்டடி. 6.15க்கு என்னிடம். 8.45க்கு நான் விடுவேன். சாப்பிட்டுவிட்டுப் பள்ளி ஹோம்வொர்க், அப்புறம் என் ஹோம்வொர்க், அப்புறம் மறுநாள் காலை ஸ்லிப் டெஸ்ட்டுக்குப் படிப்பு. படுக்கும்போது 12 மணி.

தூக்கம் நாலே முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கீழே அவனாகவே "மீதி" என்று ஒரு வார்த்தை எழுதி, அதற்கு எதிரில் பூஜ்யம் போட்டிருந்தான். நான் அதைக் கேட்கவே இல்லை.

13இலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதனால் இவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வராது, விடியற்காலையில் எழவும் உடம்பு ஒத்துழைக்காது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பாதி இதுதான். பகலில் படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். ஆக, படித்ததைப் பதியவைக்கும் நேரத்தை வெட்டித்தான் படிக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். விடியக்காலையில் எழுந்து படித்தால் மண்டையில் நிற்கும் என்று என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். நானும் பதினான்கு வருடம் பிள்ளைகளிடம் அதையே சொன்னேன்.

சரி, இவ்வளவு நேரம் என்னதான் படிக்கிறான்? மறுநாள் அவன் பையைத் திறந்து பார்த்தோம். ஓம் விதி. வகுப்பு நோட்டில் ஒருமுறை, ஹோம்வொர்க் நோட்டில் ஒருமுறை, ஸ்பெஷல் கிளாஸ் டெஸ்ட் பேப்பரில் ஒருமுறை, அதில் அலகு எழுதாமல் விட்டதற்கு இம்போசிஷன் ஐந்து முறை, என் டெஸ்ட்டில் ஒருமுறை. ஒன்பது தடவை எழுதியிருக்கிறான். கையெழுத்து ஒன்பதாவது முறையில் கோழி கிளறியதுபோல் ஆகிவிட்டது. "ஏன்டா, ஒரே கம்பிதான், நீளத்தை ரெண்டு மடங்காக்கினா கரண்ட்டு கூடுமா குறையுமா?" என்று கேட்டேன். என்னையே பார்த்தான். "பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்வில இல்ல மிஸ் அது. பரிட்சையில வராது."

பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு, 1993இல் தன் அறிக்கையில் இதைத்தான் சொன்னது. முதுகில் தூக்கும் புத்தக மூட்டையைவிட, புரியாமல் படிக்க வேண்டியிருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய சுமை என்று. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவன் ஒன்பது தடவை எழுதியது படிப்பே இல்லை. படித்தான் என்பதற்குப் பெரியவர்கள் ஆளாளுக்கு வாங்கி வைத்துக்கொண்ட சாட்சி.

யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்து பாட ஆசிரியர்கள், ஆளுக்கு அரை மணி நேர வேலைதான் கொடுக்கிறார்கள். நான் என் பங்குக்கு முக்கால் மணி நேரம். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாம் போய் ஒரே பிள்ளையின் ராத்திரியில் விழுகிறது. அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி சொல்வாள், பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவதே பாதி நாளைத் தின்றுவிடுகிறது, அதற்கு மேல் ரிவ்யூ மீட்டிங்கில் நிற்கவைத்து "உங்க பாடத்துல ஏன் பாஸ் பர்சன்டேஜ் குறைஞ்சுது" என்று கேட்பார்கள் என்று. அவள் என்ன செய்வாள்? காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் கூடுதலாகப் போடுவாள். மேலே இருப்பவர் அவளை அழுத்த, அவள் பிள்ளையை அழுத்த, பிள்ளைக்குக் கீழே யாரும் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிளஸ் டூ மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது. நல்ல முடிவுகள். ஆனால் டி.எச். ரோட்டில் ரிசல்ட் வந்த வாரம் போய்ப் பாருங்கள், பிளெக்ஸ் பேனரில் பிள்ளைகளின் முகமும் மார்க்கும் அதே பெரிய எழுத்தில்தான் இருக்கும். பிளஸ் ஒன் கதையையும் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்திய பள்ளிகள் இருந்ததால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு. என் மாடியில் அந்த மூன்று வருடமும் சிரிக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். மனசார வரவேற்கிறேன். பழையபடி பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. அதைக் கண்காணிக்காமல் விட்டால், குறைத்த சுமையே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இங்கே பெண்பிள்ளைகள் கணக்கு இன்னும் மோசம். பிளஸ் டூ பயோ மேத்ஸ் படிக்கும் ஒரு பெண், ரெக்கார்ட் நோட்டில் மார்ஜினை பென்சிலுக்குப் பதில் பேனாவில் போட்டுவிட்டாள். பதினோரு பக்கத்திலும் குறுக்கே சிவப்புக் கோடு. திரும்ப எழுத வேண்டும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் விருந்தாளிகள். சோறு வடித்து, பாத்திரம் கழுவி, ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு சமையல் மேடை மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதியிருக்கிறாள். அதே படங்களை இரண்டாம் முறை வரைந்தபோது அவளுக்கு என்ன புதிதாகத் தெரிந்திருக்கும்? அவள் ஞாயிற்றுக்கிழமை நீட் வகுப்புக்கும் போகிறாள். அங்கே 720க்கு ஓட வேண்டும், இங்கே 600க்கு.

நீட் வகுப்புக்குப் போகாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது எட்டாத கதவைத் திறந்துவிட்டது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் வாய்ப்பு வந்த அன்றே வீட்டில் எதிர்பார்ப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் "பாஸானா போதும்" என்ற அம்மாக்கள் இப்போது "அவ டாக்டருக்குப் படிக்கிறா" என்கிறார்கள். ஆசைப்படுவது அவர்கள் உரிமை. அந்த ஆசையைச் சுமக்கும் பிள்ளைக்கு ஆறு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று கேட்பது என் உரிமை.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னைக்குக் கேரம் போர்டும் கால்பந்தும் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 2008இல் கேரமில் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது காசிமாவுக்கு வயது 17, இங்கேதான் புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம், ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஜெயித்தபிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மாலை போட்டோம். நம் வீட்டுப் பிள்ளை பத்தாவது வந்ததும் நாம் முதலில் பரணில் தூக்கிப் போடுவது கேரம் போர்டைத்தான். எல்லோரும் சாம்பியன் ஆக வேண்டியதில்லை. தினமும் முக்கால் மணி நேரம் மார்க் போடாத ஒரு வேலையை ஒரு பிள்ளை செய்ய வேண்டும்.

2025 ஜூலையில் மாணவர்களின் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்தது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதையும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதையும், தகுதிக்கு மீறிய இலக்கு வைப்பதையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்க் வரிசையில் உட்காரவைக்கும் பழக்கம் என் மாடியிலும் இருந்தது. "ஸ்லோ லேர்னர்" எல்லாம் படிக்கட்டுப் பக்கம். அங்கே உட்கார்ந்த பிள்ளைகளில் சிலருக்கு இன்று கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. வழியில் பார்த்தால் "மிஸ்" என்று ஓடி வருகிறார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறேன்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நான் மாற்றியது அதிகமில்லை. ட்யூஷனில் ஹோம்வொர்க் கிடையாது. பள்ளியில் கொடுத்ததை முதலில் என் எதிரிலேயே முடிக்க வேண்டும், புரியாததை மட்டும் நான் நடத்துவேன். 8 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். வாரம் ஒரு டெஸ்ட், அதுவும் சனிக்கிழமை. சுவரில் இரண்டு நம்பர் எழுதிப் போட்டிருக்கிறேன்: பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. யார் எந்த நம்பரைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

ஆறு பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். "அங்க டெஸ்ட்டே வெக்கிறது இல்லியாம், காசு மட்டும் வாங்குறாங்க" என்று பேச்சு. எனக்கு அந்த மாத வருமானம் குறைந்தது நிஜம், மனசு கஷ்டப்பட்டதும் நிஜம். அவர்கள் மேல் கோபம் இல்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம், தோலை உரிக்காமலும் படிப்பு வரும் என்று நான் இதுவரை காட்டியதில்லை. காட்டும்வரை நம்ப மாட்டார்கள்.

இதைப் படிக்கிற பெற்றோர், ஆசிரியர், என்னைப்போல் ட்யூஷன் எடுப்பவர்கள் எல்லோரிடமும் கேட்பது இதுதான். உங்கள் பிள்ளையிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து அந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். திட்டாமல் வாங்கிப் பாருங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து ஆசிரியர்களும் அதை ஒன்றாகப் பார்க்கட்டும். ஒரே பாடத்தை எத்தனை பேர் எழுத வைக்கிறோம் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரியும்.

நேற்று அந்தப் பையனின் அம்மா மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றார். சங்கரா இருந்தது, வேண்டாம் என்றாலும் நாலு எடுத்துத் தட்டில் போட்டார். கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னாக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ். முன்னல்லாம் பன்னெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியும். இப்ப பத்தரைக்கே தூங்கிடுறான். காலைல அவனே எய்ந்துக்கிறான், மூஞ்சி நல்லாத்தான் கீது." கூடையைத் தலையில் ஏற்றினார். "மார்ச்சுல பரிட்சை. பயமா கீது மிஸ்."

"எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா. தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றேன்.