உண்மை விளக்கம்: பழைய சுவர் விளம்பரங்களில் இருப்பது ‘இயற்கைச் சாயம்’ அல்ல

லண்டன் செங்கல் சுவரில் மங்கித் தெரியும் ஹோவிஸ் ரொட்டி விளம்பரம், பிரான்ஸில் மெனியே சாக்லேட் விளம்பரம். இப்படிப்பட்ட படங்களோடு ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: “அந்தக் காலத்தில் ரசாயனம் கலக்காத இயற்கைச் சாயம் பூசினார்கள். அதனால்தான் நூறாண்டு கடந்தும் அழியவில்லை.”

இது தவறு. உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. அன்றைய வெள்ளைப் பெயின்ட் பெரும்பாலும் காரீயக் கார்பனேட் என்ற வெள்ளைத் தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. காரீயம் நச்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் அதை அமெரிக்கா 1978-இல் தடை செய்தது. செங்கல்லின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறி இறுக, காரீயம் அந்தப் படலத்துக்கு உறுதி கொடுத்தது. பல சுவர்களில் வண்ணப் பின்னணி வெளுத்த பிறகும் வெள்ளை எழுத்து மட்டும் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மேலடுக்கு தேயத் தேய அடியில் இருந்த வேறு பிராண்டின் பெயர் எட்டிப் பார்ப்பதும் உண்டு. அது போட்டோஷாப் வேலை அல்ல!

பக்கத்துக் கட்டடம் மறைத்ததால் வெயில் மழை படாமல் தப்பிய சுவர்களும் இருக்கின்றன. சில எழுத்துகள் பழையவையே அல்ல, பின்னாளில் புதுப்பிக்கப்பட்டவை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கார்ட்டர்ஸ்வில்லில் உள்ள 1894-ஆம் ஆண்டு கோகோ கோலா சுவர் அப்படி மீட்டெடுக்கப்பட்டதுதான்.

‘இயற்கைச் சாயம்தானே’ என்று நம்பி இத்தகைய சுவரைச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். கிளம்பும் தூசியில் காரீயம் இருக்கக்கூடும்.