வயர் பிடிக்கிற கைக்குத் தையலும் தெரியணும்

"சார், இனி எல்லாமே ஸ்டென்ட்தானே? வயிற்றைத் திறந்து செய்யற ஆபரேஷனை நாங்க எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கணும்?"

என்னிடம் இரத்தநாள அறுவை சிகிச்சை பயிலும் இளம் டாக்டர் ஒருவர் போன வாரம் கேட்டார். அங்கே சுருக்கமாகச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1990-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொடை இடுக்குத் தமனி வழியாக, ஸ்டென்ட் பொருத்திய ஒரு கிராஃப்ட்டை, அதாவது செயற்கைக் குழாயை மேலே கொண்டுபோய், மகாதமனி (இதயத்திலிருந்து வயிறு வரை இறங்கும் பெரிய இரத்தக்குழாய்) பலூன் போல உப்பிய வீக்கத்தை உள்ளிருந்தே அடைத்தார். அதற்கு முன் வயிற்றை நீளமாகத் திறந்து, மகாதமனிக்குக் கிளாம்ப் போட்டு, செயற்கைக் குழாயைத் தைப்பதுதான் வழி. இன்று பலர் ஓரிரு நாளில் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள். இதயம் பலவீனமான முதியவர்களுக்கு இது பெரிய வரம். நானும் அதைத்தான் அதிகம் செய்கிறேன்.

ஆனால் எளிய வீக்கங்களெல்லாம் ஸ்டென்ட் பக்கம் போனதால், கத்திக்கு மிஞ்சுவது கடினமானவை மட்டும்தான். சிறுநீரகத் தமனிகளை ஒட்டிய வீக்கம், கிருமி தொற்றிய கிராஃப்ட், ஸ்டென்ட் வைத்துப் பல வருடம் கழித்து இரத்தம் கசிந்து மறுபடி பெரிதாகும் வீக்கம். நாங்கள் எளிய கேஸில் கை பழகித்தான் இவற்றுக்கு வந்தோம். இன்றைய மாணவருக்கு அந்த முதல் படியே இல்லை.

பயிற்சிக் காலமும் மாறிவிட்டது. அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சையில் 5 ஆண்டு, அப்புறம் இரத்தநாளத்தில் 2 ஆண்டு என்பதுதான் பழைய பாதை. இப்போது மருத்துவப் படிப்பு முடித்த கையோடு 5 ஆண்டு நேர்ப் பயிற்சியும் இருக்கிறது. இரத்தநாளத்துக்குள் செலுத்தும் வயர், கதீட்டர் என்ற மெல்லிய குழாய், எக்ஸ்ரே திரை எல்லாம் சீக்கிரமே கைவசமாகும், அது நல்லதுதான். வயிற்றுக்குள் குடலை ஒதுக்கி மகாதமனியைத் தேடிப்போகிற பழக்கம் மட்டும் குறைந்துவிடக் கூடாது.

இந்தத் துறையே தையலில் பிறந்தது. அலெக்சிஸ் கேரல் என்ற பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர், பிரான்ஸின் லியோன் நகரில் எம்பிராய்டரி செய்யும் ஒரு பெண்மணியிடம் ஊசி வேலை கற்றார். தமனியின் வட்டமான வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைக்கலாம். இதை 1902-ல் வெளியிட்டார், 1912-ல் நோபல் பரிசு வந்தது. இன்றும் கணுக்கால் அருகே மெல்லிய தமனியில் பைபாஸ் தைக்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். ஒரு தையல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் பைபாஸ் அடைபடும், கால் போய்விடும்.

அதனால் என் கருத்து இது. எத்தனை வருடம் படித்தார் என்பதைவிட, எத்தனை மகாதமனியைத் தன் கையால் திறந்து தைத்தார் என்று கேட்க வேண்டும். திறந்த அறுவை அதிகம் நடக்கும் மருத்துவமனைக்கு மாணவர்களைச் சில மாதமாவது அனுப்ப வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவோடும் நிற்க வைக்கலாம், அங்கே தினமும் இரத்தநாளத் தையல் இருக்கிறது. முக்கியமாக, மூத்தவர்கள் நாங்கள் ஊசியை விட்டுக்கொடுக்க வேண்டும். அரிதாக வரும் கேஸை நாமே முடித்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் வரும்.

அடுத்த திறந்த மகாதமனி கேஸில் கிராஃப்ட்டின் மேல்முனைத் தையலை அந்த டாக்டர்தான் போடப் போகிறார். நான் எதிர்ப்பக்கம் நின்று நூலைப் பிடித்துக்கொள்வேன்.